இணைப்பு: அட்டை ஒன்று

எங்கள் சபையின் உள்விதிகளில் பதினேழாவது இது: சபை அங்கத்தினர் எழுத்து மூலம் கொடுக்கும் எந்த விண்ணப்பத்துக்கும், அது கிடைத்த முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தரப்பட வேண்டும். தராவிட்டால் என்ன ஆகும் என்று அந்த விதி சொல்லவில்லை. பதினெட்டாவது விதி கல்லறைத் தோட்டத்தில் ஆடு மேய்ப்பதைப் பற்றியது.

இரண்டையும் எழுதியவன் நான். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே சபைச் செயலாளர் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். அதுவரை சபைக்கு இருந்த விதிகள் ஒரு பள்ளிக்கூட நோட்டில் நாலு பக்கம். அதிலும் ஒரு பக்கத்தை எலி தின்றிருந்தது. நான் நாற்பத்தொரு விதிகள் எழுதினேன். ஆட்டு விதியை எல்லாரும் பாராட்டினார்கள். பதினேழாவது விதியை யாரும் கவனிக்கவில்லை, சென்ற ஆண்டு ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஓரிக்கையிலிருந்து ஓர் அம்மாள் விண்ணப்பத்தோடு வந்து நிற்கும்வரை.

அந்த அம்மாள் பட்டு நெய்பவர். கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. வீட்டிலேயே ஒரு தறி, ஒரே மகன். மகனுக்கு இருபத்தொன்பது வயது. பிறவியிலேயே அவனுக்கு இரத்தம் உறையாத வியாதி. முகம் மழிக்கும்போது கீறிவிட்டால் ஒரு துண்டு முழுக்க நனையும். எங்கும் இடித்துக்கொள்ளாமலே முழங்காலும் முழங்கையும் உள்ளே இரத்தம் கட்டி வீங்கும். தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு மிதிக்க முடியாது என்பதால் அட்டை குத்தும் வேலையைக் கற்றுக்கொண்டான். சேலையில் மயில் வர வேண்டுமானால், அந்த மயிலை முதலில் வரி வரியாகப் பிரித்து, வரிக்கு ஓர் அட்டையாக ஓட்டை குத்த வேண்டும். அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறியின் தலைமேல் மாட்டிவிட்டால், ஓட்டைக்கு ஏற்றபடி நூல்கள் எழும்பும். மகன் குத்திய மயிலைத் தாய் நெய்வார்.

பெரிய மருத்துவமனை ஒன்றில் அவனுக்குப் புதிய வைத்தியம் செய்ய ஒப்புக்கொண்டிருந்தார்கள். இரத்தத்தை உறையவைக்கும் ஜீன் அவனிடம் பழுது. பழுதில்லாத ஒன்றை ஒரே தடவையில் உடம்புக்குள் ஏற்றிவிடுவார்கள். ஜூன் முப்பதுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

விண்ணப்பத்தில் மூன்றே வரிகள். என் மகனுக்கு ஜீனை மாற்றி வைத்தியம் பார்க்கிறார்கள். தேவன் படைத்ததை மாற்றுவது பாவமா இல்லையா என்று தெரியவில்லை. சபை எழுதித் தர வேண்டும்.

மகனைத் தனியாக அழைத்து, வயது வந்தவனுக்குத் தாயின் சம்மதமோ சபையின் சம்மதமோ சட்டப்படி தேவையில்லை என்று விளக்கினேன்.

"அது தெரியும் சார். நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடலாம். அம்மா இங்க அழுதுக்கினு இருந்தா நான் அங்க பெட்ல படுத்துக்கினு இன்னா பண்றது?"

"ஆயரை வாயால் சொல்லச் சொல்கிறேன்."

"வாயால சொன்னா அம்மாக்கு ஆவாது சார். பேப்பர் வேணும்."

அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எங்கள் ஜனம் காகிதத்தால் மனிதர்களானவர்கள். அந்த அம்மாளின் தாத்தா திருப்புட்குழிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அவர் பெயர் முதன்முதலில் எழுத்தில் ஏறியது எங்கள் ஞானஸ்நானப் பதிவேட்டில்தான். பள்ளியில் சேர, விடுதியில் சேர, வேறு ஊருக்குக் குடிபோக, பெண் கொடுக்க, எல்லாவற்றுக்கும் ஆயர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அந்தக் கடிதங்கள் எல்லாம் அந்த அம்மாளின் வீட்டு வேதாகமத்தின் உள்ளே இருக்கின்றன. அதனால் அந்த வேதாகமம் மூடுவதில்லை.

நான் விண்ணப்பத்துக்கு எண் போட்டு ஆயரிடம் வைத்தேன். ஆயர் நல்லவர், படித்தவர். "என் மனசுல கேட்டா, தாராளமா பண்ணிக்கலாம் செயலாளர்" என்றார். "ஆனா மே மாசம் எனக்கு டிரான்ஸ்ஃபர் வரும்போல இருக்குது. பேப்பர்ல வேணாம். கமிட்டில வெச்சிடுங்க."

அவருக்கு மாறுதல் வரவில்லை. விஷயம் மட்டும் கமிட்டிக்கு மாறியது.

கமிட்டியில் வாயைத் திறப்பவர்கள் இருவர். ஒருவர், ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர். இன்னொருவர், மாதர் சங்கத் தலைவி. மற்றவர்கள் ஜெபத்துக்குக் கண்ணை மூடி, முடிவில் திறப்பார்கள்.

ஆசிரியர் கடுமையாக எதிர்த்தார். வகைகளைக் கலக்கக்கூடாது, வயலில் இரண்டு வித விதைகளைச் சேர்த்து விதைக்கக்கூடாது என்று மோசேயின் சட்டத்திலேயே இருக்கிறது என்றார். அவர் வீட்டுக் கொல்லையில் ஒரே மாமரத்தில் மூன்று ரகம் காய்க்கிறது. ஒட்டுப் போட்டவர் அவரே. ஒவ்வோர் ஆண்டும் அறுப்பின் பண்டிகைக்கு மூன்று கூடைகளில் கொண்டுவந்து படைப்பார். அதை யாரும் நினைவூட்டவில்லை. தலைவி மட்டும் அவருடைய வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அதே சட்டத்துல ரெண்டு வித நூல் கலந்த துணியும் கட்டக்கூடாதுன்னு இருக்குதே. நீங்க கட்டிக்கினு வந்திருக்கறது பட்டும் பருத்தியும் கலந்ததுதானே?"

"துணி விஷயம் சடங்குச் சட்டம்மா. இயேசு வந்ததோட முடிஞ்சுபோச்சு."

"விதை விஷயம்?"

"அது இன்னும் முடியல."

தலைவிக்கு வேறு கவலை. புது ஜீனை ஒரு வைரஸுக்குள் வைத்து அனுப்புவார்கள், அது நோய் தராத வைரஸ் என்று, விண்ணப்பத்தோடு இணைத்த விளக்கக் குறிப்பில் மகன் எழுதியிருந்தான். "வைரஸா" என்றார். அவன் கோயிலுக்கு வரும்போது எந்த வரிசையில் உட்காருவான் என்று கேட்டார். அதன்பின் அவரே இன்னும் ஆழமாகப் போனார். "பொறந்த ஜீனோட ஞானஸ்நானம் வாங்கினான். இப்ப ஜீன் வேற. அப்போ ஞானஸ்நானம் திரும்பக் குடுக்கணுமா?"

ஆயர் என்னைப் பார்த்தார். நான் நாற்பத்தொரு விதிகளையும் புரட்டினேன். மறு ஞானஸ்நானம் பற்றி ஒரு விதியும் இல்லை. கண்தானத்தால் பார்வை பெற்ற ஒருவருக்கு நாம் மறுபடி தண்ணீர் தெளிக்கவில்லை என்ற முன்னுதாரணத்தைச் சொன்னேன். "கண்ணு உள்ள இல்லையே, வெளியதானே" என்றார் தலைவி. முக்கால் மணி நேரம் கண் உள்ளேயா வெளியேயா என்று பேசிவிட்டு, ஜெபம் செய்து கலைந்தோம்.

முப்பதாவது நாள் வந்தது. பதினேழாவது விதியைக் காப்பாற்ற வேண்டும். நான் எழுதினேன்: தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. முப்பத்து நான்கு ஆண்டு அரசுப் பணியில் நான் அதிகம் எழுதிய வாக்கியம் அது. அந்த அம்மாள் அதையும் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்துக்குத் தாயையும் மகனையும் வரச்சொன்னோம். மகன் தன் தொழிலை வைத்தே விளக்கினான்.

"ஒரு அட்டைல ஒரு ஓட்டை தப்பா விழுந்துச்சுன்னு வெச்சுக்கங்க. சேலை முழுக்க எத்தினி மயில் வருதோ அத்தினி மயில்லயும் அதே தப்பு வரும். அதுக்காவ தறிய ஒடைப்போமா? பாவு நூல அறுப்போமா? சரியா ஒரு அட்டை குத்தி மாட்டுவோம். இதுவும் அதேதான்."

"சரிபா" என்றார் ஆசிரியர். "அந்தத் தப்பு ஓட்டைய முதல்ல குத்தினது யாரு? தேவன் தப்பா குத்திட்டாருன்னு சொல்றியா?"

மகன் பதில் சொல்வதற்குள் தாய் எழுந்துவிட்டார்.

"என் வழியாதான் வந்துச்சு. டாக்டர் சொன்னாரு. பொம்பளைங்களுக்கு வராது, அவங்க வழியா ஆம்பளப் புள்ளைங்களுக்கு வரும்னாரு. என் தம்பிக்கும் இதான். பல்லு புடுங்கிக்கினு வந்தான், ரெண்டாம் நாளு இல்ல. பதினோரு வயசு. அப்ப இருந்த ஆயரு கல்லறையில சொன்னாரு, தேவ சித்தம்னு. நானும் அதையே நெனச்சுக்கினு இத்தினி வருசம் இருந்துட்டேன். இப்ப இத்த ஊசி போட்டு மாத்தலாம்னா, அப்ப சொன்னது இன்னா?"

அந்த அம்மாள் உட்கார்ந்தார். விண்ணப்பத்தில் எழுதியிருந்த கேள்வி ஒன்று, அவர் கேட்க வந்தது வேறு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இதற்கு எண் போட என்னிடம் பதிவேடு இல்லை.

கமிட்டி, தாங்க முடியாத கேள்வி வரும்போது எல்லாக் கமிட்டிகளும் செய்வதைச் செய்தது. ஸ்தல ஆய்வு என்று தீர்மானித்தது. அட்டையை நேரில் பார்த்தால் தெளிவு பிறக்கும் என்று ஆசிரியர் முன்மொழிந்தார். தலைவி வழிமொழிந்தார். பழக்க தோஷத்தால் நான் உடனே தேதி குறித்தேன்.

ஜூன் இரண்டாவது வாரம் ஆட்டோவில் கிளம்பினோம். வழியில் ஒரு சுவாமி புறப்பாடு. இந்த ஊரில் எந்த வேலைக்குக் கிளம்பினாலும் ஒரு சுவாமி எதிரே வருவார். ஒரு மணி நேரம் நின்றோம். யாரோ புளியோதரைப் பொட்டலங்கள் நீட்டினார்கள். ஆயர் கும்பிட்டு மறுத்தார். ஆசிரியர் வாங்கிக்கொண்டார், தனக்கு சர்க்கரை, பசியோடு இருக்கக்கூடாது என்று காரணம் சொன்னார். இரண்டு பொட்டலம் சாப்பிட்டார்.

ஓரிக்கை வீட்டில் தறி நின்றுகொண்டிருந்தது. கல்யாணச் சேலை, புதிய மயில் டிசைன். மகனுக்கு முழங்கை வீங்கியிருந்த வாரத்தில் குத்திய அட்டைகள். நாற்பத்து மூன்றாம் அட்டையில் ஓர் ஓட்டை கூடுதலாக விழுந்துவிட்டது. அதனால் முதல் மயிலின் கண்ணுக்குக் கீழே சரிகையில் ஒரு புள்ளி வந்திருந்தது. அழும் மயில். அதைப் பார்த்ததும் தாய் தறியை நிறுத்திவிட்டு, சரிசெய்யச் சொல்லியிருந்தார். எங்களுக்குக் காட்டுவதற்காக மகன் அதை அப்படியே வைத்திருந்தான்.

ஆசிரியர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலைவி மயிலைத் தொட்டுப் பார்த்து, "பாவமா இருக்குது" என்றார். ஆயர் ஒரு சிறு ஜெபம் செய்தார். ஜெபம் தறிக்கா, அட்டைக்கா, மகனுக்கா என்பது தெளிவாக இல்லை.

நான் பார்த்ததையெல்லாம் மகஜராக எழுதினேன். தறியின் நீளம், அகலம், அட்டைகளின் எண்ணிக்கை, சாட்சிகள். விஷயத்தை எங்கள் திருச்சபையின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதென்று அங்கேயே முடிவானது. ஆதாரமாக அட்டையையும் அனுப்ப வேண்டும் என்றார் ஆசிரியர். நான் அதை உறையில் போட்டு, அரக்கு இல்லாததால் சபை முத்திரையைக் குத்தினேன். பிழையான அட்டை தேவையில்லாத அட்டைதானே என்று நினைத்துவிட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். இன்று நினைத்தாலும் அது நல்ல வரைவுதான். நோயாளியின் அந்தரங்கம் நாலு குமாஸ்தாக்களின் மேசையில் போய் விழக்கூடாது என்பதற்காகக் கடிதத்தில் பெயரோ நோயோ வராமல் பார்த்துக்கொண்டேன். பொருள்: தவறான துளை உள்ள அட்டையை மாற்றுதல் - திருச்சபையின் கருத்து - கோருதல் - தொடர்பாக. இணைப்பு: அட்டை ஒன்று.

அதன்பின் மௌனம். ஒரு வாரத்தில் முதல் நினைவூட்டு. அடுத்த வாரம் இரண்டாவது. ஜூன் இருபத்தாறாம் தேதி மூன்றாவதை அனுப்பிவிட்டு, அதன் நகலோடு ஓரிக்கைக்குப் போனேன். மருத்துவமனைக்குப் பதில் சொல்ல நாலு நாள்தான் பாக்கி.

தறி இன்னும் நின்றுகொண்டிருந்தது.

எனக்குப் புரியவில்லை. புது அட்டை குத்துவது கால்மணி நேர வேலை. கேட்டேன்.

"குத்திட்டான் சார்" என்றார் தாய். "நீங்க அன்னிக்குப் போன சாயங்காலமே குத்திட்டான். குடுக்க மாட்டேன்றான். அதோ பீரோ மேல."

பீரோவின் மேல் ஓர் அட்டை மடித்த வேட்டிக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. மகன் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"அட்டைய மாத்தலாமா வேணாமான்னு மேல கேட்டு எழுதி இருக்காங்களே சார்? பதில் வரட்டும். ஆதாரம் வேற அங்க இருக்குது. நடுவுல நாம பாட்டுக்கு மாத்தினா நல்லா இருக்குமா?"

"கடைக்காரரு ரெண்டு வாட்டி ஆள் உட்டுட்டாரு" என்றார் தாய். "கல்யாணப் பொண்ணு சேலை. இவன் வெளாடுறான்."

"வெளாடலம்மா. உன்ன மாதிரியே நானும் பேப்பருக்குக் காத்துக்கினு இருக்கேன்."

"சார், பதில் வந்துச்சா?"

"இல்லம்மா. இது மூணாவது நினைவூட்டு."

"மூணாவதா." அந்த அம்மாள் நகலை வாங்கிப் பார்த்தார். முத்திரை இருக்கிறதா என்று திருப்பியும் பார்த்தார். "இதுக்கு அப்பறம்?"

"நாலாவது."

அவர் சிரிக்கவில்லை. நகலை மடித்து வேதாகமத்துக்குள் வைக்கப் போனார். அது உள்ளே போகவில்லை. நுழைக்கப் பார்த்தார், மறுபக்கம் இரண்டு கடிதங்கள் நழுவி விழுந்தன. அவற்றை எடுக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த அட்டையை எடுத்தார்.

"கமிட்டிய கேக்காம மாட்டுறியேம்மா" என்றான் மகன்.

தாய் அதை நாற்பத்திரண்டாம் அட்டைக்கும் நாற்பத்து நான்காம் அட்டைக்கும் நடுவில் கோத்து முடிச்சுப் போட்டார். குழியில் இறங்கி உட்கார்ந்தார். தறி ஓட ஆரம்பித்தது. அடுத்த மயிலுக்குக் கால் வந்தது, உடல் வந்தது, கழுத்து வந்தது. நான் போயிருக்கலாம், போகவில்லை. மகனும் சுவரிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தான். கண் வந்தது. கண்ணுக்குக் கீழே சுத்தமாக இருந்தது.

அந்த அம்மாள் விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். தலையைத் திருப்பாமலே பேசினார்.

"என் தம்பிக்கு அட்டை குத்த அப்ப ஆள் இல்ல. அவ்ளோதான். சித்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அப்புறம், "நீ போன் பண்ணி சொல்லுடா, வரேன்னு. வெள்ளை சட்டை எடுத்துக்காத, அங்க இன்னா கறை படுமோ" என்றார்.

மகன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். கீழே விழுந்த இரண்டு கடிதங்களை நான் எடுத்துக் கொடுத்தேன். ஒன்று என்னுடைய இடைக்காலப் பதில். அவர் அதை வாங்கி, ஊடை நூல் சுற்றிய கண்டுகள் வைக்கும் தட்டுக்கு அடியில் ஆடாமல் இருப்பதற்கு வைத்துக்கொண்டார். என் எழுத்துக்கு அதுவரை கிடைத்த பயன்களில் அது ஒன்றும் மோசமானது அல்ல.

மகன் ஜூலையில் மருத்துவமனைக்குப் போனான். மாதக்கணக்கில் பரிசோதனை, மாத்திரை, மறுபடி பரிசோதனை. கமிட்டியில் இந்த விஷயம் ஒவ்வொரு மாதமும் நிலுவையில் உள்ள கோப்புகளின் பட்டியலில் வந்தது. தலைவி ஒவ்வொரு மாதமும் அவன் எந்த வரிசையில் உட்காருகிறான் என்று கவனித்துச் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவன் என்னிடம் வந்து இடது கட்டைவிரலைக் காட்டினான். அட்டை குத்தும்போது உளி பட்ட காயம். நீளம் அரை அங்குலம் இருக்கும்.

"துணி தேடிக்கினு உள்ள போனேன் சார். வரதுக்குள்ள நின்னுடுச்சு."

பின்னால் நின்ற தாய், "ரெண்டு நாளா ஊருக்கெல்லாம் காட்டிக்கினு இருக்கான்" என்றார். "வேற வேலை இல்ல." ஆனால் அவனுடைய கையைப் பிடித்து, எனக்கு வெளிச்சத்தில் தெரியும்படி அவர்தான் திருப்பிக் காட்டினார். ஆசிரியரும் வந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "நல்லா ஒட்டிக்கினு இருக்குது" என்றார், மரத்தைப் பார்த்துச் சொல்வது போல.

அதற்கும் இரண்டு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே எங்கள் நாற்பத்து மூன்றாம் அட்டை, உறைக்குள் அடங்குவதற்காக நாலாக மடிக்கப்பட்டு. கூடவே ஒரு கடிதம். தங்கள் கடிதமும் மூன்று நினைவூட்டுகளும் பெறப்பட்டன. இணைப்பிலுள்ள அட்டை உரிய குழுவின் பார்வைக்கு வைக்கப்பட்டது. தவறான துளை உள்ள அட்டையை மாற்றிக்கொள்வதில் திருச்சபைக்கு ஆட்சேபம் இல்லை. இது நெசவு சார்ந்த விஷயமாகத் தெரிவதால், இனிமேல் இத்தகைய விண்ணப்பங்களைக் கைத்தறித் துறைக்கு நேரடியாக அனுப்பவும்.

கடிதத்தை ஓரிக்கைக்கு எடுத்துப் போனேன். அந்த அம்மாள் தறியை நிறுத்தாமலே படிக்கச் சொன்னார். படித்தேன். ஆட்சேபம் இல்லை என்ற இடத்தில் கை ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

"நல்லபடியா எழுதி இருக்காங்க" என்றார். "அதுல வைங்க." வேதாகமத்தில் இடம் இருந்தது, பழையவற்றில் பலவற்றை எடுத்துவிட்டிருந்தார்.

சபைக்குத் திரும்பி, கோப்பை முடித்தேன். பதினேழாவது விதிக்கான பதிவேட்டில் ஒரு நெடுவரிசை உண்டு: பதில் பெறப்பட்ட நாள். அதில் எழுதினேன்: பிப்ரவரி பதினெட்டு, சாம்பல் புதன்.